கழற்றி வைத்த பெல்ட்

போலீஸ்காரர் ஒருவர் தன் பெல்ட்டில் கை வைத்தால் எதிரில் இருப்பவனுக்கு என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஸ்டேஷனுக்கு ஏட்டாக மாறுதலாகி வந்த முதல் நாள் காலையிலேயே அவர் அதைத்தான் செய்தார். முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் பிடிபட்ட ஜேப்படிக்காரன் ஒருவன் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான். புது ஏட்டு கம்பிக்கு எதிரில் வந்து நின்று, பித்தளைப் பக்கிளைத் தளர்த்தி, அந்த அகலத் தோல் பெல்ட்டை உருவினார். அவ்வளவுதான், அவன் எழுந்து மூலைக்கு ஓடினான். "சொல்லிடறேன் சாமி, இன்னும் ரெண்டு பர்ஸு இருக்குது, எங்கன்னு சொல்லிடறேன்" என்று கத்த ஆரம்பித்துவிட்டான்.

ஏட்டு அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெல்ட்டை நான்காக மடித்து என் மேசை மேல் வைத்தார். எதிர்ச் சுவரில் ஒரு பெருமாள் படம் இருந்தது. யாரோ காலண்டரிலிருந்து கிழித்துக் கண்ணாடி போட்டு மாட்டியது. அதன் முன்னால் போய்க் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். மூன்று நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "யாருப்பா அவன், காலங்காத்தால கத்திக்கினு இருக்கான்?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டு பர்ஸும் அன்றைக்கே கிடைத்தன. ஸ்டேஷன் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அவன் பயந்தது அவன் திருட்டுக்கு. நான் கும்பிடப் போனேன், அவ்வளவுதான்" என்றார். பெல்ட் உருவப்படும் சத்தம் மற்றவர்கள் காதில் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் குழந்தை மாதிரி இருந்தார்.

நான் அந்த ஸ்டேஷனில் ரைட்டர். காஞ்சிபுரத்தில், போலீசுக்கு அரை நிஜாரும் கால்பட்டியும் கூம்புத் தொப்பியும் உடையாக இருந்த கடைசி வருஷங்கள் அவை. டைரி எழுதுவது, புகார் எழுதுவது, சோதனை போட்டால் மகஜர் எழுதுவது என்று நாளெல்லாம் எழுத்து வேலை. சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களின் கூட்டங்களுக்குப் பந்தோபஸ்து போய், நின்று கேட்டுக் கேட்டே நம்பிக்கை விட்டுப் போனவன் நான். சர்க்கார் செலவில் நாத்திகன் ஆனவன் என்று ஏட்டையா என்னைக் கிண்டல் செய்வார். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரே பீடிக்கட்டைப் பங்கு போட்டுக்கொள்கிற அளவுக்குச் சீக்கிரமே சிநேகமாகிவிட்டோம்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயர் எழுத்தில் வருவது அவருக்குப் பிடிக்காது. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். நெட்டையான ஆள், காது இரண்டும் விரிந்திருக்கும். தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் ஒற்றைச் சிவப்பு நாமக் கோடு தெரியும். ஸ்டேஷனுக்குள் வந்ததும் பூட்ஸைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் நடப்பார். ஆனால் சாமி முன் நிற்கும்போது தவிர வேறு எப்போதும் பெல்ட்டை மட்டும் கழற்ற மாட்டார். வெயில் காலத்தில் வேர்க்குரு பிடுங்கி எடுக்கும்போதும் அப்படித்தான்.

"தோலுன்னு கழட்டறீங்களா ஏட்டையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுவும்தான். ஆனா அதுக்காக மட்டும் இல்ல. இத மாட்டிக்கினா நான் போலீசு. போலீசுக்குச் சாமி கிடையாது ரைட்டரே. அவுத்து வெச்சிட்டா நான் பக்தன். பக்தனுக்கு அதிகாரம் கிடையாது. ரெண்டும் ஒரே நேரத்துல இருந்தா ரெண்டும் கெட்டுப் பூடும்."

சாமி கும்பிடுகிற போலீஸ்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லாக்கப் சாவிக்குக் குங்குமம் வைப்பவர், கேஸ் கட்டை அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறவர், தப்பி ஓடிய கைதி கிடைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டவர் என்று எல்லா ரகமும் உண்டு. நடுவில் ஒரு பக்கிளை வைத்து இந்தப் பக்கம் சாமி, அந்தப் பக்கம் சட்டம் என்று பிரித்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

கருட சேவையன்று அவரைப் பார்க்க வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் விடிகாலையில் பெருமாள் கருடன் மேல் ஏறிக் கோபுர வாசலுக்கு வரும்போது ஜனம் அப்படியே பொங்கும். கயிறு பிடித்து நிற்கிற போலீஸ்காரன் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், சாமியைப் பார்க்கக் கூடாது. உத்தரவு அப்படி. எல்லோரும் அந்தக் கணத்தில் ஒரு நொடி திரும்பிவிடுவார்கள். நாத்திகனான நானே ஒருதரம் அந்தக் குடைகளைப் பார்க்கத் திரும்பியிருக்கிறேன். அந்த ஒரு நொடியில் என் எதிரில் நின்ற அம்மாவின் சங்கிலி போய்விட்டது. ஏட்டையா திரும்பியதே இல்லை. ஐந்தடி பின்னால் அவர் உயிராக நினைக்கிற பெருமாள் போய்க்கொண்டிருப்பார். இவர் கண்ணில் நீர் வழிய, ஜனங்களின் கைகளையும் கழுத்துகளையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"கருட சேவையில பெருமாள் என் முதுகைத்தான் பார்த்திருக்காரு. மேல போனா, யாருடா நீன்னு கேப்பாரு. திரும்பி நின்னு காட்டணும்" என்பார். டூட்டி முடிந்த பிறகு, பெல்ட்டைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு வரிசையில் போய் நிற்பார். போலீஸ் என்று சொல்லி ஒருநாளும் முன்னால் போனதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வெந்து போய் வெளியே வருவார். வந்ததும் பெல்ட்டுக்குக் கையை நீட்டுவார்.

அந்த ஊரில் எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது சத்தியக் கற்பூரம். காணாமல் போனது எதுவானாலும், கைமாறியது எதுவானாலும், புகார் கொடுக்கிறவர் கடைசியில் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "கோயிலுக்கு வரச் சொல்லுங்க சார், கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணட்டும், நான் விட்டுடறேன்." எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது ஊரின் நம்பிக்கை. பாதிப் பேர் கற்பூரத்தைப் பார்த்ததுமே ஒப்புக்கொண்டுவிடுவார்கள். எங்களுக்கும் வேலை மிச்சம்.

ஏட்டையாவுக்கு அது அறவே பிடிக்காது. அண்ணன் தம்பி இருவர் ஒருநாள் தறி மேடைக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்து, சத்தியம் வாங்கிக் கொடுங்கள் என்று அவர் காலைப் பிடித்தார்கள். "சாமிக்குச் சம்மன் அனுப்பற அதிகாரம் எனக்கு இல்லப்பா. சாட்சி இருந்தா கூட்டியா, பத்திரம் இருந்தா எடுத்தா. சாமி இந்த ஸ்டேஷன் ஆளு இல்ல" என்று அனுப்பிவிட்டார். இவ்வளவு கும்பிடுகிறவர் இப்படிச் சொல்கிறாரே என்று அவர்களுக்கு வருத்தம்.

புதிதாக வந்த எஸ்.ஐ. நேர் எதிர். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். கற்பூரத்தால் முடிகிற கேஸை எதற்காக ஆறு மாதம் இழுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த ஜரிகைக் கேஸ் வந்தபோது இருவரும் மோதிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் நான்கு தறி வைத்திருந்த ஒரு வீடு. கல்யாணப் புடவை ஒன்றுக்கு வாங்கி வைத்திருந்த ஜரிகைக் கட்டைக் காணவில்லை. வீட்டுக்காரர் நேராக ஒரு ஆளைச் சொன்னார். முன் கூடத்தில் உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிற அம்மா அவர். ஏனாத்தூர் போகிற வழியில் இருந்த காலனியிலிருந்து தினமும் நடந்து வருகிறவர், நாற்பது வயது இருக்கும். கிறிஸ்தவர். பதினொரு வருஷமாக அந்த வீட்டில் வேலை. அவர் மேல் சந்தேகம் ஏன் என்று ஏட்டையா கேட்டார். "மத்தவங்க எல்லாம் எங்க ஜனம் சார்" என்று பதில் வந்தது.

சோதனை போட ஏட்டையாவும் நானும் போனோம். தறிக்குழி, நெல் குதிர், பரண், கிணற்றடி என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் சாமி அறை வந்தது. வீட்டுக்கார அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, "பெல்ட்டு பூட்ஸோட உள்ள வந்துடாதீங்கப்பா" என்றார். ஏட்டையா படிக்கு வெளியிலேயே நின்று உள்ளே பார்த்தார். ஒரு கும்பிடு போட்டார். நகர்ந்துவிட்டார். கடவுளே இல்லை என்கிற நானும் அவர் பின்னால் நகர்ந்தேன். பிறகு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை. பானைகளைக் கவிழ்த்தோம், துணிமூட்டையை அவிழ்த்தோம், மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் தரையில் கொட்டினோம். அதில் வேதப் புத்தகமும், ஒரு சிலுவையும், மகளின் ஞானஸ்நானச் சீட்டும்தான் இருந்தன. திரும்பி வந்து, "இரு வீடுகளும் முழுவதும் சோதனையிடப்பட்டன" என்று மகஜர் எழுதினேன். ஏட்டையா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, ஏட்டையா வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், எஸ்.ஐ. தறி வீட்டு ஆட்கள் எல்லோரையும் தெரு அம்மன் கோயிலுக்கு வரச் சொன்னார். தெருவே கூடிவிட்டது. ஒவ்வொருவராகக் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். அந்த அம்மா முறை வந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாங்க எதுக்குமே சத்தியம் பண்ண மாட்டோம் சார். எங்க கோயில்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்து வளர்த்தாங்க. நான் எடுக்கல. எடுக்கலைன்னா எடுக்கலதான்."

"உங்க கோயில் பேர்லயே பண்ணு, போ" என்றார் எஸ்.ஐ.

"அங்கயும் பண்ண மாட்டோம் சார்."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவ்வளவு பேர் கண்ணிலும் அந்த நிமிஷமே அந்த அம்மா திருடி ஆகிவிட்டார். அவர் மகள் வேறொரு வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர் கூட்டத்தில்தான் இருந்தார். "அந்தப் பொண்ண நாளைலருந்து வர வேணாம்னு சொல்லிடு" என்று அவர் சத்தமாகவே சொன்னது எனக்கும் கேட்டது, அந்த அம்மாவுக்கும் கேட்டது. எஸ்.ஐ. அந்த அம்மாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகச் சொன்னார். முன்னால் ஏட்டையா, நடுவில் அந்த அம்மா, பின்னால் நான். பெரிய காஞ்சிபுரம் வரை தெருவெல்லாம் வேடிக்கை பார்த்தது.

எஸ்.ஐ. கோர்ட்டுக்குக் கிளம்பும்போது ஏட்டையாவிடம், "சாயந்திரம் நான் வர்றதுக்குள்ள ஒத்துக்கணும். பொம்பளைய வெச்சுக்கினு உக்கார முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மா சுவரோரமாக நின்றிருந்தார். பிறகு ஏட்டையாவின் கை பக்கிளுக்குப் போனது. பெல்ட்டை உருவினார். என் மேசையில் வைத்துவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றார். வழக்கமான மூன்று நிமிஷம் இல்லை, பத்து நிமிஷமாவது இருக்கும். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட் உருவிய சத்தத்திலேயே அவர் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, இரண்டு முழங்கையையும் மேலே தூக்கித் தடுத்தபடி இருந்தார். அந்தப் பத்து நிமிஷமும் அப்படியே இருந்தார். கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

ஏட்டையா கண்ணைத் திறந்து திரும்பினார். அந்த அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஏன் இப்படி உக்காந்திருக்க?"

அவர் முழங்கையை இறக்கவில்லை. நான்தான் சொன்னேன், "பெல்ட்ட அவுத்தீங்க இல்ல ஏட்டையா. அடிக்கப் போறீங்கன்னு."

ஏட்டையாவின் முகம் எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியும். ஜேப்படிக்காரன் கத்தியபோது புரியாதது அப்போதுதான் புரிந்தது அவருக்கு. எத்தனை வருஷம், எத்தனை ஸ்டேஷன், எத்தனை பேர் அவர் கும்பிட்டு முடிக்கிற வரை இப்படி முழங்கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ! பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "சாமி கும்பிடப் போனேன்மா. சத்தியமா..." என்று ஆரம்பித்தவர், அந்த வார்த்தையை அவரிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தோ என்னவோ பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மா மெதுவாக முந்தானையை விலக்கினார். அடிக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெல்ட்டோட சாமிகிட்ட போக மாட்டீங்களா சார் நீங்க?"

"மாட்டேன்."

"அதான் அந்த வீட்டு சாமி ரூமுக்குள்ள போகலையா? பதினோரு வருஷமா அந்த ரூமுக்குள்ள நானும் போனதில்ல. என்னை விட மாட்டாங்க. நேத்து நீங்களும் போகல, கூடத்துலருந்து பார்த்துக்கினுதான் இருந்தேன். எங்க வீட்டுல மட்டும் சாமிப் பெட்டியக் கொட்டிப் பார்த்தீங்களே சார், அதுல எங்க சாமி இல்லியா?"

எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. 'முழுவதும்' என்று எழுதியது என் கை அல்லவா!

ஏட்டையா எழுந்தார். பூட்ஸ் போடவில்லை, பெல்ட்டும் போடவில்லை. "வா ரைட்டரே" என்றார். அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, உட்காரப் பெஞ்சு போடும்படி வாசல் பாராக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். பட்டப்பகலில் ஒரு ஏட்டு பெல்ட் இல்லாமல், செருப்பில்லாமல், நழுவுகிற நிஜாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. டீக்கடையில் சிரித்தார்கள். சைக்கிளில் போகலாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

தறி வீட்டில் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினார். வீட்டுக்கார அம்மா ஓடிவந்தார். "மறுபடியும் இன்னாப்பா? சாமி ரூம்ல என்ன இருக்கப் போவுது?"

"தோலு இல்லம்மா. காலும் கழுவியாச்சு. இப்ப நான் உள்ள போகலாம்."

உள்ளே போய் முதலில் விழுந்து கும்பிட்டார். அதற்கப்புறம் தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு படமாக எடுத்துத் துடைத்துக் கீழே வைத்தார். மேல் தட்டில், பெரிய படத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு இருந்தது. "ஐயோ, அதத் தொடாதீங்க. அது எங்க மாமனாரு திருப்பதிக்கு முடிஞ்சு வெச்ச காணிக்கை" என்று வீட்டுக்கார அம்மா பதறினார். நேர்ந்து முடிந்த முடிச்சை மலைக்குப் போகிற வரை யாரும் பிரிக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தான். ஏட்டையா ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு கண்ணை மூடித் திறந்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஜரிகைக் கட்டு இருந்தது.

மாமனார் பெரியவர் காசிக்குப் போயிருந்தார், அவர் திரும்பி வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. கல்யாணப் புடவைக்கான ஜரிகை தறிக்குப் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாமி காலடியில் இருக்கட்டும் என்று மஞ்சள் துணியில் கட்டி வைத்தவர், யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டார். வீட்டில் தினமும் அதற்குப் பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெருமாளே காட்டிக் குடுத்துட்டாரு சார்!"

"பெருமாள் ஒண்ணும் காட்டல. நேத்தே நான் பெல்ட்ட அவுத்துட்டு உள்ள வந்திருந்தா நேத்தே கிடைச்சிருக்கும்" என்றார் ஏட்டையா. ஒரு நாத்திகன்கூட இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த வார்த்தைக்காக அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஸ்டேஷனுக்கு வந்ததும் டைரியை எடுக்கச் சொன்னார். 'மறு சோதனையில் பொருள் கிடைத்தது' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம், யாருக்கும் பாதகமில்லை என்றேன். அவர் கேட்கவில்லை.

"நான் சொல்லச் சொல்ல எழுது. சாமி ரூம் என்பதால் புகார்தாரர் வீட்டில் அந்த அறையை நான் சோதிக்கவில்லை. அந்த அம்மா வீட்டில் சாமிப் பெட்டியைக் கொட்டிச் சோதித்தேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுது. படிக்கிறவனுக்குப் புரியட்டும்."

"உங்க தலையில நீங்களே போட்டுக்கறீங்க ஏட்டையா. எஸ்.ஐ. பிரமோஷன் லிஸ்ட்டு வர்ற சமயம்."

"எழுதுப்பா."

எழுதினேன். அதற்குக் கீழே, 'முழுவதும்' என்று தவறாக எழுதியது நான் என்று என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தேன். அவர் சொல்லிச் செய்ததல்ல அது. படித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டுக்குப் போகலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் உடனே எழுந்திருக்கவில்லை. "எல்லாரும் பார்க்கக் கூட்டிக்கினு வந்தீங்க. யாரும் பார்க்காம போகச் சொல்றீங்களே சார்" என்றார். சைக்கிள் ரிக்‌ஷா பேசட்டுமா என்று கேட்டேன். "வேணாம். போலீசு ஏத்தி விட்டா அதுக்கும் ஒரு கத கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு, டீ தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்து போனார். ஏட்டையா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

விளக்கம் கேட்டு மெமோ பிறகு வந்தது. எஸ்.ஐ. ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. பிரமோஷன் லிஸ்ட்டில் ஏட்டையா பெயர் இல்லை, அடுத்த லிஸ்ட்டிலும் இல்லை. ஏட்டாகவே ரிடையர் ஆனார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் அவருக்கே எஸ்.ஐ.யாக வந்தார்கள். எழுந்து நின்று சல்யூட் அடித்தார், முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. அவருடைய பழக்கத்தில் ஒன்றுதான் மாறியது. பெல்ட்டைக் கழற்றுவதானால் ரிக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆட்கள் முன்னால் கழற்றுவதை அடியோடு நிறுத்திவிட்டார். ஒரே ஒரு தடவை தவிர.

கேஸ் முடிந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். முழு உடுப்பு. பூட்ஸும் பக்கிளும் பளபளவென்று இருந்தன. "வா, காலனி வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றார். நானும் உடுப்பு மாட்டிக்கொண்டேன். ஓடு போட்ட சின்னக் கோயில் அது. உள்ளே ஜெபம் முடிகிற நேரம். முந்தின நாளே பாதிரியாரிடம் பேசி வைத்திருந்தார் போலிருக்கிறது. பாதிரியார் கையசைத்து உள்ளே வரச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்களைக் கதவில் பார்த்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா முன் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார்.

ஏட்டையா வாசலில் பூட்ஸைக் கழற்றினார். பிறகு பக்கிளைத் தளர்த்தினார். பெல்ட் உருவப்பட்ட சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. யாரோ ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. பெல்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நிஜாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடுவழியே நடந்து போய் அந்த அம்மா எதிரில் நின்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"நான் இந்த ஊர் ஏட்டு. போன வாரம் இந்த அம்மாவ தெருவோட கூட்டிக்கினு போனேன், ஊரே பார்த்துச்சு. இவங்க எதையும் எடுக்கல. தப்பு இவங்க மேல இல்ல, என் மேல. தேட வேண்டிய எடத்துல நான் தேடல. இதையே சின்ன காஞ்சிபுரத்துல அம்மன் கோயில் எதிர்லயும் சாயங்காலம் சொல்லப் போறேன்." பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். அதுவரை அவரை நீ என்று பேசியவர், அன்றைக்குத்தான் நீங்க என்றார்.

அந்த அம்மா எழுந்து நின்றார். முகத்தில் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு, வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

"எங்க கோயில்ல பெல்ட்டோடயே வரலாம் சார். அதுக்கெல்லாம் தடை கிடையாது."

"தெரியும்மா, பாதிரியாரு சொன்னாரு" என்றார் ஏட்டையா. "இது சாமிக்காக அவுத்தது இல்ல."

நான் அந்தப் பெல்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.